அணைத்து வைத்த வாய்ஸ் அசிஸ்டன்ட், அப்டேட் போட்டதும் எப்படித் திரும்பி வருகிறது?

போனுக்கு ஒரு அப்டேட் வருகிறது. அது முடிந்து போன் ரீஸ்டார்ட் ஆனதும், மாதக்கணக்கில் அணைத்தே வைத்திருந்த வாய்ஸ் அசிஸ்டன்ட் மறுபடி வந்து நிற்கிறது. இதை யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்பார்கள், இல்லையென்றால் "நீங்களே தெரியாம எங்கயாவது அழுத்தியிருப்பீங்க" என்பார்கள். முதல் பதில் வீணாகப் பயமுறுத்துகிறது. இரண்டாவது பதில், குறிப்பாக வயதானவர்களிடம் சொல்லப்படும்போது, ஒன்றும் தப்பு செய்யாத மனிதரைத் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிடுகிறது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம். பெரும்பாலான சமயங்களில் இரண்டு பதிலுமே தவறு. உள்ளே நடப்பது வேறு ஒன்று, அதைப் புரிந்துகொள்ள சாஃப்ட்வேர் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

## "அசிஸ்டன்ட் செட்டிங்" என்பது ஒரே ஒரு செட்டிங் இல்லை

வாய்ஸ் அசிஸ்டன்ட் என்றால் நாம் பேசுவதைக் கேட்டு வேலை செய்யும் மென்பொருள். ஐபோனில் சிரி, அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் அலெக்ஸா, ஆண்ட்ராய்டில் கூகுள் அசிஸ்டன்ட், இப்போது அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஜெமினி, சாம்சங் போனில் பிக்ஸ்பி. எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

"நான் அதை ஆஃப் பண்ணிட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது எதை ஆஃப் செய்தார் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்க வேண்டுமா என்பது ஒரு செட்டிங். பட்டனை அழுத்திப் பிடித்தால் வர வேண்டுமா என்பது தனி. எந்த நிறுவனத்தின் அசிஸ்டன்ட் வர வேண்டும், பேசியதன் ஒலிப்பதிவைச் சேமிக்கலாமா, சேமித்ததை அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் கேட்டுப் பார்க்கலாமா, மற்ற ஆப்களுக்குள் அது நுழையலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி செட்டிங் உண்டு. இதில் சில போனுக்குள் இருக்கும், சில அந்தக் குறிப்பிட்ட ஆப்புக்குள் இருக்கும், சில உங்கள் கணக்கோடு சேர்ந்து நிறுவனத்தின் சர்வரில், அதாவது இணையத்தின் மறுமுனையில் உள்ள அவர்கள் கணினியில் இருக்கும்.

பவர் பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அதை அழுத்திப் பிடித்தால் போனை அணைக்கவா, ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும். ஐபோனில் 2017-ல் வந்த பத்தாவது மாடலிலிருந்து பக்கவாட்டுப் பட்டனைப் பிடித்தால் சிரி வருகிறது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து கூகுளின் பிக்ஸல் போன்களிலும் அதேபோல அசிஸ்டன்ட் வருகிறது. சாம்சங்கிலும் இதே கதைதான். ஒருவர் கோயிலிலோ ஆஸ்பத்திரி வராண்டாவிலோ போனை அணைக்க நினைத்து பட்டனைப் பிடிக்கிறார், போன் அணையாமல் "சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்" என்று கேட்கிறது. அவர் ஏற்கெனவே "ஹே கூகுள்" என்ற குரல் அழைப்பை அணைத்து வைத்தவராகவே இருக்கலாம். அவர் அணைத்தது ஒரு செட்டிங், பட்டன் இன்னொரு செட்டிங். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

## வாடகை வீட்டு சுவிட்ச் போர்டு

இப்போது அப்டேட்டுக்கு வருவோம். நீங்கள் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். கீசர் வயரில் லேசாக ஷாக் அடிக்கிறது, அதனால் அந்த சுவிட்சை அணைத்தே வைத்திருக்கிறீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வீட்டு ஓனர் எலக்ட்ரீசியனை அனுப்பி, பழைய போர்டைக் கழற்றிப் புதுப் போர்டு மாட்டச் சொல்கிறார். எலக்ட்ரீசியன் பழைய போர்டைப் பார்க்கிறார். நான்கு சுவிட்ச் போட்டிருக்கிறது, இரண்டு அணைந்திருக்கிறது. அணைந்திருக்கும் கீசர் சுவிட்சை நீங்கள் வேண்டுமென்றே அணைத்தீர்களா, இல்லை குடி வந்த நாளிலிருந்து யாருமே தொடாமல் அப்படியே கிடக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சுவிட்சைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கீசர் எல்லா வீட்டிலும் வேண்டும்தானே என்று நினைத்து அவர் புதுப் போர்டில் அதைப் போட்டுவிட்டுப் போகிறார்.

அந்த சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டி "இதைப் போடாதீர்கள்" என்று எழுதியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். டேப் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. அணைத்தது ஒரு மனிதரின் முடிவு என்பதை டேப்தான் சொல்கிறது.

போனில் நடப்பதும் இதுதான்.

## உண்மையில் உள்ளே என்ன இருக்கிறது

ஒவ்வொரு செட்டிங்கும் போனுக்குள் ஒரு சின்ன வரியாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு. "குரல் அழைப்பு: இல்லை" என்பது மாதிரி. நீங்கள் ஒன்றையும் தொடாதபோது நிறுவனம் தானாக வைத்திருக்கும் மதிப்புக்கு டீஃபால்ட் என்று பெயர். புது போன் வாங்கும்போது வரும் ரிங்டோன் ஒரு டீஃபால்ட். அதைப் போலவே, அசிஸ்டன்ட் இயங்க வேண்டுமா கூடாதா என்பதற்கும் ஒரு டீஃபால்ட் உண்டு.

அப்டேட் வரும்போது பழைய மென்பொருளின் செட்டிங் வரிகளைப் புதிய மென்பொருளுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு மைக்ரேஷன் என்று பெயர். இதைச் செய்வதற்கென்றே புரோகிராமர்கள் தனியாக ஒரு புரோகிராம் எழுதுகிறார்கள்: பழைய பெயர் இது, புதிய பெயர் அது, மதிப்பை அங்கிருந்து இங்கே எடுத்து வை. சாதாரணமாக இது ஒழுங்காகவே நடக்கும். உங்கள் அலாரம், வால்பேப்பர், எழுத்தின் அளவு எல்லாம் அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருப்பது இதனால்தான்.

சிக்கல் வருவது மதிப்பு மாறும்போது இல்லை, அந்த மதிப்பு எப்படி வந்தது என்ற தகவல் இல்லாதபோது. ஒரு செட்டிங்கில் உண்மையில் மூன்று நிலைகள் இருக்கின்றன. பயன்படுத்துகிறவர் "சரி" என்று சொன்னது, "வேண்டாம்" என்று சொன்னது, எதுவுமே சொல்லாதது. பல மென்பொருள்கள் இரண்டை மட்டும்தான் எழுதி வைக்கின்றன: ஆன், ஆஃப். அப்போது "வேண்டாம்" என்று சொன்னவரும் எதுவும் சொல்லாதவரும் ஒரே குவியலில் விழுந்துவிடுகிறார்கள். நாளை நிறுவனம் "இனி டீஃபால்ட் ஆன்" என்று முடிவெடுத்தால், அந்தக் குவியல் முழுவதும் ஆன் ஆகிவிடும். யாருடைய முடிவையும் மீறியதாக அந்தக் கணினிக்குத் தெரியாது, ஏனென்றால் முடிவு என்று ஒன்று இருந்ததே அதில் பதிவாகவில்லை.

இதிலேயே இன்னொரு வகையும் உண்டு, அது இன்னும் அதிகமாக நடக்கிறது என்பது என் கணிப்பு. பழைய வசதிக்குப் புதுப் பெயர் வைத்து, கூட நாலு வேலையைச் சேர்த்து, புதிய செட்டிங்காகவே கொண்டுவருவது. பழைய வரியில் உங்கள் "வேண்டாம்" பத்திரமாக அங்கேயே இருக்கும். ஆனால் அந்த வரியை இப்போது யாரும் படிப்பதில்லை. புதிய வரியில் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை, எனவே அங்கே டீஃபால்ட்தான் ஆட்சி செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செட்டிங் என்பது பெயரும் மதிப்பும் கொண்ட ஒரு வரி, தொடாதவர்களுக்கு டீஃபால்ட் பொருந்தும், அப்டேட்டின்போது மைக்ரேஷன் நடக்கும். உங்கள் "வேண்டாம்" தொலைவதற்குக் காரணம் ஒன்று அது முடிவாகப் பதிவாகாதது, இல்லை அது பதிவான வரியே கைவிடப்பட்டது.

## அப்டேட்டே போடவில்லை, ஆனாலும் மாறிவிட்டது

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய வசதிகளை இப்போதெல்லாம் அப்டேட்டோடு அனுப்பிவிட்டு, அவற்றை அணைத்த நிலையில் வைத்திருப்பார்கள். அவற்றை இயக்கும் சுவிட்ச் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். இதற்கு ஃபீச்சர் ஃபிளாக் என்று பெயர். போன் அவ்வப்போது சர்வரைத் தொடர்புகொண்டு எந்தெந்த வசதி இப்போது இயங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறது. பதில் மாறினால் போனில் புதிய மென்பொருள் எதுவும் டவுன்லோட் ஆகாமலே நடத்தை மாறிவிடும்.

இந்த சுவிட்சை எல்லாருக்கும் ஒரே நாளில் போடுவதும் இல்லை. முதலில் நூற்றில் ஒருவருக்கு, பிரச்சினை ஏதும் வரவில்லை என்றால் ஐந்து பேருக்கு, இருபது பேருக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். ஒரே வீட்டில் அக்கா தங்கை இருவரிடமும் ஒரே மாடல் போன், ஒரே வெர்ஷன், ஆனால் ஒருவர் போனில் மட்டும் அசிஸ்டன்ட் மாறியிருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். "எனக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கு மட்டும் எப்படி?" என்ற கேள்விக்கும் இதுவே பதில். இந்த வழிமுறைக்கு நியாயமான உபயோகம் உண்டு: ஒரு வசதியில் கோளாறு இருந்தால் லட்சக்கணக்கான போன்களில் பரவும் முன் சர்வரிலேயே நிறுத்திவிடலாம். ஆனால் அதே சுவிட்ச் உங்கள் விருப்பத்தை மீறவும் பயன்படுகிறது, அதுவும் தேதியோ அறிவிப்போ இல்லாமல்.

## நடந்த கதைகள்: கைத்தவறு, புது டீஃபால்ட், பறிக்கப்பட்ட சுவிட்ச்

"செட்டிங் மாறிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லும் புகார்களுக்குள் வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும்.

முதலாவது, உண்மையான கோளாறு, அதாவது பக். இதற்கு நல்ல உதாரணம் ஆப்பிள். 2019 ஜூலையில், சிரியின் ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதியை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்க்கிறார்கள் என்ற செய்தி வெளிவந்தது. தற்செயலாக சிரி விழித்துக்கொண்டு பதிவுசெய்த அந்தரங்கப் பேச்சுகளும் அதில் இருந்தன. பெரிய எதிர்ப்பு வந்தது, ஆப்பிள் அந்த வேலையை நிறுத்தியது, மன்னிப்புக் கேட்டது, அதே ஆண்டு அக்டோபரில் ஐபோனின் ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஐஓஎஸ்ஸின் 13.2 வெர்ஷன் வழியாக இதற்கென்று ஒரு தனி அனுமதி கொண்டுவந்தது. "இம்ப்ரூவ் சிரி அண்ட் டிக்டேஷன்" என்று அதற்குப் பெயர். நீங்கள் சம்மதித்தால்தான் உங்கள் பதிவுகளை எடுத்துக் கேட்போம் என்பது வாக்குறுதி. சரி, நல்லது. ஆனால் 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15-ல் ஒரு பக் இருந்தது. சில போன்களில் அது இந்த அனுமதியைத் தானாகவே ஆன் செய்துவிட்டது, "வேண்டாம்" என்று சொன்னவர்கள் உட்பட. ஆப்பிள் டிசம்பரில் ஐஓஎஸ் 15.2-ல் பலருக்கும் அதை அணைத்து வைத்தது. அதன் பிறகு வந்த 15.4-ல் எல்லாரிடமும் புதிதாகச் சம்மதம் கேட்டது. பாதிக்கப்பட்ட போன்கள் சிறு பங்குதான் என்று சொன்னார்கள். நடுவில் மாதக்கணக்கில், எந்த வாக்குறுதியைக் காப்பாற்றவே அந்த சுவிட்ச் பிறந்ததோ, அதே சுவிட்ச் சிலருக்குத் தவறான பக்கம் நின்றிருக்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவே வழியில்லை, அவர்கள்தான் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்களே.

கூகுளுக்கும் ஒன்று உண்டு. 2020-ல் கூகுள் ஹோம் ஸ்பீக்கர் வைத்திருந்த சிலருக்கு, வீட்டில் புகை அலாரம் அடித்ததும் போனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. நல்ல வசதிதான். ஆனால் அது மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த வசதி, இவர்கள் கேட்டதே இல்லை. ஸ்பீக்கர் "ஓகே கூகுள்" என்ற அழைப்பை மட்டும் எதிர்பார்த்திருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு, அது வீட்டிலுள்ள வேறு ஓசைகளையும் அடையாளம் காண்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. ஒரு மென்பொருள் அப்டேட் தவறுதலாக இதை இயக்கிவிட்டது என்று கூகுள் ஒப்புக்கொண்டு திரும்ப எடுத்தது.

இரண்டாவது வகை கோளாறு இல்லை, நிறுவனம் தெரிந்தே டீஃபால்ட்டை மாற்றுவது. 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1-ல் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதிகள் வந்தபோது வேண்டும் என்பவர்கள் தாங்களாக இயக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி இறுதியில் வந்த 18.3-ல் அது தலைகீழானது: பொருந்துகிற போன்களில் தானாகவே ஆன், வேண்டாதவர்கள் போய் அணைக்க வேண்டும். அணைத்து வைத்தும் அடுத்த சின்ன அப்டேட்டில் திரும்ப ஆன் ஆகிவிட்டதாகப் பலர் புகார் சொன்னார்கள். ஜெமினியின் கதையும் இந்த வரிசையில் வருவது. 2024 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது, விரும்பினால் கூகுள் அசிஸ்டன்ட்டுக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே போகலாம் என்றுதான் இருந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு ஜூனில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு அந்த ஆப் வந்தது. 2025 மார்ச்சில் கூகுள் வேறு அறிவிப்பு வெளியிட்டது: பெரும்பாலான போன்களில் பழைய அசிஸ்டன்ட்டையே எடுத்துவிட்டு ஜெமினிக்கு மாற்றப்போகிறோம். அந்த ஆண்டுக்குள் முடிப்பதாகச் சொல்லி, பிறகு 2026-க்கும் நீட்டித்தார்கள். ஆக, முதலில் "எது வேண்டும்?" என்று கேட்டு நாம் சொன்ன பதிலுக்கு ஒரு காலாவதி தேதி இருந்திருக்கிறது. கேட்கும்போது அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் உறுத்துவது. இதில் உங்கள் செட்டிங்கை மாற்றுவதில்லை, செட்டிங்கையே எடுத்துவிடுகிறார்கள். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10-இன் ஆண்டுவிழா அப்டேட், மைக்ரோசாஃப்டின் வாய்ஸ் அசிஸ்டன்ட்டான கோர்ட்டானாவை அணைக்கும் சாதாரண சுவிட்சை நீக்கிவிட்டது. அதன் பிறகு அணைக்க வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரி போன்ற, சாதாரண ஆள் கை வைக்கப் பயப்படும் இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. 2025 மார்ச் 28 அன்று அமேசான் இதையே எக்கோவில் செய்தது. அமெரிக்காவில் சில எக்கோ மாடல்களில், ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு, குரல் பதிவுகளை அமேசானுக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரு வசதி இருந்தது. அலெக்ஸா பிளஸ் என்ற புதிய வடிவத்துக்கு கிளவுடின், அதாவது அமேசானின் சர்வர்களின் கணினித் திறன் தேவைப்படுகிறது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அதைத் தேர்ந்தெடுத்திருந்தவர்கள் தானாகவே "பதிவுகளைச் சேமிக்காதே" என்ற நிலைக்கு மாற்றப்பட்டார்கள். பதிவு கிளவுடுக்குப் போகும், வேலை முடிந்ததும் அழிக்கப்படும். அனுப்பாதே என்று சொன்னவருக்கு, அனுப்புவோம் ஆனால் வைத்துக்கொள்ள மாட்டோம் என்பது பதில். இரண்டும் ஒன்றில்லை. மிகக் குறைந்தவர்களே அந்த வசதியைப் பயன்படுத்தினார்கள் என்றும் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் குறைந்தவர்கள் யார் என்று யோசியுங்கள்: மெனுவுக்குள் மெனுவாகத் தேடிப் போய், யோசித்து, வேண்டுமென்றே ஒரு முடிவெடுத்தவர்கள். இருப்பதிலேயே தெளிவான "வேண்டாம்" அவர்களுடையதுதான்.

இந்தப் பகுதியின் சாரம்: பக் என்றால் திருத்தச் சொல்லலாம், டீஃபால்ட் மாறினால் திரும்ப அணைக்கலாம், சுவிட்சே போய்விட்டால் அந்தக் கருவியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டும்தான் நம் கையில் மிச்சம்.

## பெயர்களால் வரும் குழப்பம்

2025 ஜூலை 7 முதல் ஒரு மாற்றம் வருகிறது என்று கூகுள் ஆண்ட்ராய்டு பயனர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஜெமினி ஆப்ஸ் ஆக்டிவிட்டி என்ற செட்டிங் ஆனாக இருந்தாலும் ஆஃபாக இருந்தாலும், போன், மெசேஜ், வாட்ஸ்ஆப் போன்றவற்றில் ஜெமினி உதவி செய்யும் என்று அதில் இருந்தது. "ஆஃப் பண்ணினாலும் என் வாட்ஸ்ஆப்பைப் படிக்குமாம்" என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது.

விஷயம் கொஞ்சம் வேறு. அந்த ஆக்டிவிட்டி செட்டிங், நீங்கள் ஜெமினியோடு பேசியதைச் சேமித்து, அந்த மென்பொருளை மேம்படுத்தப் பயன்படுத்தலாமா என்பதற்கானது. எந்த ஆப்போடு ஜெமினி சேர்ந்து வேலை செய்யலாம் என்பது வேறொரு செட்டிங், அதைத் தனியாக அணைக்கலாம். முன்பு ஆக்டிவிட்டியை அணைத்தால் ஆப்களோடான இணைப்பும் சேர்ந்து போய்விடும், இப்போது இரண்டையும் பிரித்தார்கள். ஆக்டிவிட்டி ஆஃபில் இருந்தாலும் உரையாடல்கள் 72 மணி நேரம் வரை வைத்திருக்கப்படும் என்பதும் அவர்கள் விதியில் உண்டு. வதந்தி பாதி தப்புதான், ஆனால் வதந்தி கிளம்பியதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சுவிட்சை அணைத்து அதனால் இரண்டு விஷயம் நின்றுபோனதைப் பார்த்த ஒருவர், அந்த சுவிட்சுக்கு அதுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அதன் அர்த்தத்தைப் பாதியில் மாற்றினால், செட்டிங்கைத் தொடாமலே முடிவை மாற்றியதாகத்தான் ஆகும்.

## சரி, அப்டேட்டே போடாமல் இருந்துவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். அப்டேட்டில் வருவதில் முக்கியமானவை பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள். அவை இல்லாத போனில் பேங்க் ஆப்பும் யூபிஐயும் வைத்திருப்பது அசிஸ்டன்ட் திரும்பி வருவதைவிடப் பல மடங்கு ஆபத்து. மேலே பார்த்ததுபோல சர்வரிலிருந்து வரும் மாற்றங்களை இது தடுக்கவும் செய்யாது. நிறுவனங்கள் அவசியமான மருந்தையும் கேட்காத பலகாரத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கின்றன என்பது உண்மையான குறை. பொட்டலத்தைத் திருப்பி அனுப்புவது அதற்கு வழி இல்லை.

## இதைச் சரியாகச் செய்ய முடியாதா?

முடியும், அதே போனில் அதைச் சரியாகச் செய்யும் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு ஆப் மைக், கேமரா, இருப்பிடம் கேட்கும்போது வரும் அனுமதிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு அந்த அனுமதிகளைச் சேமிக்கும்போது ஆம், இல்லை என்பதோடு நிற்பதில்லை. இது பயனர் எடுத்த முடிவா, தொழிற்சாலையிலிருந்து வந்த டீஃபால்ட்டா, அலுவலக போன் என்பதால் நிர்வாகி பூட்டி வைத்ததா, பயனர் இனி கேட்கவே வேண்டாம் என்று சொன்னாரா என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறது. நான் மேலே சொன்ன டேப் இதுதான். அதனால்தான் ஒரு டார்ச் ஆப்புக்கு மைக் அனுமதி மறுத்திருந்தால், அந்த ஆப் எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் அந்த மறுப்பு நிற்கிறது.

ஆக, தொழில்நுட்பம் இல்லாதது காரணம் இல்லை. அசிஸ்டன்ட்டின் செட்டிங்குகளுக்கும் இதே மரியாதையைக் கொடுப்பது ஒரு முடிவு, கொடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவு. வேண்டாம் என்று சொன்னவர்களை மறுபடி கணக்கில் சேர்த்தால் பயன்படுத்துவோர் எண்ணிக்கை கூடும் என்பதால், பிரித்துக் குறித்து வைக்க நிறுவனங்களுக்குப் பெரிய ஆர்வம் இருப்பதில்லை என்று நான் நினைக்கிறேன். "வேண்டாம்" என்ற பட்டனே இல்லாமல் "இப்போது வேண்டாம்" மட்டும் வைத்து வாரா வாரம் கேட்கும் பெட்டிகளையும் இதே ஆர்வக்குறைவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## நீங்கள் செய்யக்கூடியது

மேலே சொன்னதிலிருந்து ஒரு வழி தானாகக் கிடைக்கிறது: அசிஸ்டன்ட்டுக்குள் இருக்கும் சுவிட்சை மட்டும் நம்பாமல், அதற்கு ஒரு படி கீழே போய் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் அசிஸ்டன்ட் ஆப்பின் மைக் அனுமதியையே எடுத்துவிடலாம். டீஃபால்ட் ஆப்கள் என்ற பகுதியில் டிஜிட்டல் அசிஸ்டன்ட் என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று வைக்கலாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து, மேலிருந்து இழுக்கும் பட்டியலில் மொத்த போனின் மைக்கையும் அணைக்கும் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், முக்கியமான பேச்சு நடக்கும்போது அது கைகொடுக்கும். ஸ்பீக்கர் என்றால் இன்னும் எளிது. எக்கோவின் மேல் மைக் பட்டனும் கூகுளின் நெஸ்ட் மினி ஸ்பீக்கரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நகர்த்தும் சுவிட்சும் இருக்கின்றன. அந்தச் சின்ன சுவிட்சை விரலால்தான் நகர்த்த முடியும்.

பெரிய அப்டேட், அதாவது வெர்ஷன் எண்ணின் முதல் பகுதி மாறும் அப்டேட் போடும் முன் அசிஸ்டன்ட், பட்டன், தனியுரிமை செட்டிங் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கணக்கில் சேமித்த குரல் பதிவுகளையும் ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்கள். கூகுள், அமேசான் இரண்டிலும் அவற்றைப் பார்க்கவும் அழிக்கவும் வழி உண்டு. அப்பா அம்மா போனுக்கும் இதைச் செய்து கொடுங்கள், "ஏதாவது அழுத்தினீங்களா" என்று கேட்காமல்.

## சட்டம் எங்கே நிற்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்கள் பின்பற்ற வேண்டியது, டீஃபால்ட்டை எளிதாக மாற்ற வழி கொடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிரவுசரோடு குரல் உதவியாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 2023-ல், குழந்தைகளின் அலெக்ஸா பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொல்லியும் ஒழுங்காக அழிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் அமேசான் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். சம்மதம் தெளிவாக, குறிப்பிட்ட காரணத்துக்காக, நிர்ப்பந்தம் இல்லாமல் கொடுக்கப்பட வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒரு தட்டில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற ஆறு மெனு தாண்ட வேண்டியிருந்தால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். திரும்பப் பெற்ற சம்மதத்தை ஒரு அப்டேட் மறுபடி உயிர்ப்பித்தால் அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போது "என் செட்டிங் மாறிவிட்டது" என்று மட்டும் எழுதினால், மேலே சொன்ன மூன்று வகையில் எது என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது, பொதுவான ஒரு பதில் வந்து விஷயம் முடிந்துவிடும். எந்த செட்டிங் என்பதை அதன் முழுப் பெயரோடு எழுதுங்கள். அப்டேட்டுக்கு முன் இருந்த வெர்ஷன் எண், பின் வந்த வெர்ஷன் எண், தேதி, இரண்டு ஸ்க்ரீன்ஷாட், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு மாறியதா இல்லையா என்பதைச் சேர்த்து அனுப்புங்கள். இது நான் எடுத்த முடிவு, டீஃபால்ட் இல்லை என்ற ஒரு வரியையும் அதில் எழுதுங்கள்.